அரைப்புழு விதி

பொங்கல் வாரத்தில் தேக்காச் சந்தையில் என்னிடம் மஞ்சள் கொத்து வாங்கியவர்கள் எல்லாரும் இரண்டு கேள்வி கேட்டார்கள். மஞ்சள் எப்படி இவ்வளவு கொழுகொழுவென்று வந்தது என்பது முதல் கேள்வி. என் முன்பல் எங்கே என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் வரிசையில் நிற்கிற ஆளிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துக் கடையில் கரும்பு தீர்ந்துவிடும். அதனால் இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். என்னை அடித்தவர்களில் மரியாதை தெரியாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அடிப்பதற்கு முன் அநேகமாக ஒவ்வொருவரும் "மன்னிக்கவும்" என்றார்கள். அடித்த பிறகு டேப்லெட்டை நீட்டி, சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்றார்கள். என் விரலில் ரத்தம் இருந்ததால் திரை வேலை செய்யவில்லை. ஒருவர் தன் சொந்தக் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்தே விட்டார். இப்படி ஒரு நிறுவனம் வேறு எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

என் பெயர் ரஞ்சிதம். சுவா சூ காங் வட்டாரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். நிலம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது புளித்துப்போன களிமண். மழை பெய்தால் பசை, வெயில் அடித்தால் ஓடு. பொங்கலுக்குத் தேக்காவில் விற்கிற மஞ்சள் கொத்தெல்லாம் கடல் கடந்தோ பாலம் கடந்தோதான் வருகிறது, இந்த ஊர் மண்ணிலேயே விளைவித்துக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். போன வருஷம் பென்சில் பென்சிலாக நாலு கிழங்கு வந்தது. இந்த வருஷமும் விளையாவிட்டால் குத்தகை ரத்து, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். விதை மஞ்சள் வேறு சாக்குக்குள்ளேயே முளைவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முளைத்த மஞ்சள் யாருக்காகவும் காத்திருக்காது. நடவேண்டும், இல்லாவிட்டால் அழுகும்.

அப்போதுதான் ஜலாலுதீன் பாய் கைகொடுத்தார். பாய்க்குத் தேக்காவில் தேங்காய் துருவிக் கொடுக்கும் கடை. கடைக்குப் பின்னால் சிரட்டை மலைபோல் குவியும். அதையெல்லாம் மூடிய டிரம்மில் போட்டுக் காற்று அதிகம் புகாமல் சுட்டால், சாம்பலாகாமல் கரியாக நிற்கும். அந்தக் கரியை மண்ணில் கலந்தால் புளிப்புக் குறையும், தண்ணீர் தங்கும். படித்தவர்கள் இதற்குப் பயோசார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"பேருதான்க்கா பெருசு. கரி எப்பவும் போலக் கறுப்புதான் லா," என்றார் பாய்.

கரியைக் கலக்க மண்வெட்டியை எடுத்தபோதுதான் தெரிந்தது, பயோசாரை விளைநிலத்தில் போடுவதற்கு முன் விவசாயக் கரித் தர மதிப்பீட்டுக் கழகத்தின் ஒப்புதல் வேண்டுமாம். கழகம் குவீன்ஸ்டவுனில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருந்தது. ஒரு சாக்குக் கரியை பாயின் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

வாசலில் ஒரு திரை. அதில் நீளமாக ஏதோ எழுதி, கீழே "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பட்டன். நீங்கள் என்றைக்காவது அதைப் படித்திருக்கிறீர்களா? நாங்களும் படிக்கவில்லை. அழுத்திவிட்டு உள்ளே போனோம்.

வரவேற்பு மேசையில் பூவம்மா என்று ஒரு அக்கா. அவர் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, உள்ளேயே ஹெல்மெட்டு?" என்றேன்.

"காலையில தேவைப்படாதும்மா. டீ டைம் நெருங்குதுல்ல."

"எங்களுக்கு?"

"விசிட்டருக்கு ஸ்டாக் இல்ல. தலையைக் குனிஞ்சே போங்க, ஒண்ணும் ஆகாது."

உள்ளே ஒரு பெரிய கூடம். நட்டநடுவில் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் உறுதிப் பிரிவு, வலப்பக்கம் உயிர்ப் பிரிவு. கோட்டின் மேலேயே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு இயக்குநர் இளமாறன் நின்றிருந்தார். வாடிக்கையாளர் பேசும் மொழியிலேயே வரவேற்க வேண்டும் என்பது கழகத்தின் கொள்கையாம். நான் தமிழில் வணக்கம் சொன்னதுதான் தாமதம், அவர் மேடை ஏறிவிட்டார்.

"வருக, வருக. கரியின் தரமே மண்ணின் தரம், மண்ணின் தரமே மானுடத்தின் தரம். இக்கழகம் ஒரே குடும்பம், அம்மையீர். எங்கள் இரு பிரிவுகளுக்கு இடையே கருத்து வேறுபாடு என்பதே கிடையாது. கருத்துப் பரிமாற்றம் மட்டுமே உண்டு."

இதைச் சொல்லும்போதே வலப்பக்கத்திலிருந்து ஒரு கல்லுலக்கை பறந்து வந்தது. அவர் பேச்சை நிறுத்தாமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, அது போனதும் நிமிர்ந்தார். உலக்கை இடப்பக்கத்துச் சுவரில் மோதி விழுந்தது. சுவரில் அதைப்போல் ஏகப்பட்ட பள்ளங்கள் இருந்தன.

"ஒரே நாளில் முடிவு. இது எங்கள் உறுதிமொழி," என்று முடித்துவிட்டு எங்களை இடப்பக்கம் அனுப்பினார்.

உறுதிப் பிரிவின் தலைவர் சின்னத்தம்பி. பெயரில்தான் சின்ன. ஆள் ஃபிரிட்ஜ் உயரம். அவருக்குப் பின்னால் அதே அளவில் இரண்டு உதவியாளர்கள். முன்னால் ஓர் இரும்புக் கட்டை, கையில் சம்மட்டி. எங்கள் கரியில் ஒரு துண்டை எடுத்துக் கட்டையில் வைத்தார். ஓங்கி ஒரு போடு. கூடமே அதிர்ந்தது. கரி பொடிப்பொடியாகப் போயிற்று.

"ஒடஞ்சிடுச்சு. ஃபெயில்," என்றார்.

"சார், மண்ணுல கலக்கிறதுக்குப் பொடியாத்தானே போடணும்?" என்று கேட்டேன்.

"ஒடஞ்சா உறுதி இல்ல, ஃபெயில். ஒடையலன்னா மண்ணுல கலக்காது, அதுவும் ஃபெயில். இந்த நாற்காலியில நான் உக்காந்த நாள்ல இருந்து ஒரு கரி பாஸ் ஆனதில்லம்மா. அவ்வளவு தரம் இங்க."

பிறகு பாயைப் பார்த்தார். "கரி சுட்டது யாரு?"

"நாந்தான் சார்."

"சுட்ட கையும் மாதிரியில சேரும். கையை இதுல வைங்க."

நாம் இந்த ஊரில் கையை வை என்றால் வைத்துப் பழகியவர்கள். விமான நிலையக் குடிநுழைவில் கட்டைவிரலை வை, வேலையிடத்தில் ஆள்காட்டி விரலை வை. பாயும் ரேகை எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, கைக்குட்டையால் விரலை நன்றாகத் துடைத்துவிட்டு, இரும்புக் கட்டையில் பவ்யமாக வைத்தார்.

"மன்னிக்கவும்," என்றார் சின்னத்தம்பி. சம்மட்டி இறங்கியது.

பாய் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. சுண்டுவிரல் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. நான் "அட பாவி!" என்று பாய்ந்தேன். ஓர் உதவியாளர் "மன்னிக்கவும்" என்று என் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் வாழ்நாளில் அறை வாங்காதவள் அல்ல. ஆனால் அது மாதிரி ஒன்றை வாங்கியதில்லை. கண்ணுக்குள் தீபாவளி. தெளிந்து பார்த்தால் மூக்குக்கு நேரே டேப்லெட், அதில் ஐந்து நட்சத்திரம்.

"கையும் ஒடையுது. அதுவும் ஃபெயில்," என்று சின்னத்தம்பி தன் ஆட்களிடம் திருப்தியோடு சொல்லிக்கொண்டார்.

"பாய், வாங்க போயிடலாம். போலீசுக்குப் போவோம்," என்றேன்.

பூவம்மா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "எல்லாத்துக்கும் சரின்னு பட்டன அமுக்கிட்டுத்தானேம்மா வந்தீங்க?"

பாய் விரலைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தார். "அக்கா, போனா நாளைக்குத் திரும்பவும் முதல்ல இருந்து வரணும். மஞ்ச முளைச்சுக் கெடக்கு. உயிர்ப் பிரிவையும் பாத்துட்டுப் போயிடுவோம்."

அந்த மனுஷனைக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன்.

உயிர்ப் பிரிவின் தலைவி முனைவர் வைதேகி. மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி. மேசையில் ஒரு தட்டு நிறைய ஈரமண், மண்ணுக்கு மேல் பத்து மண்புழுக்கள். ஒன்றும் அசையவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இப்பத்தான் போச்சுங்க. அந்தச் சம்மட்டி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இதுங்க துடிக்கும். இன்னிக்கு உங்க கரிக்கு அடிச்ச அடியில மொத்தமா போயிடுச்சு. ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருந்தேன்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. கன்னம் வீங்கிய நிலையிலும் அவர் தோளைத் தொடப் போனேன். அதற்குள் மணி அடித்தது. டீ டைம்.

வைதேகி கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். தட்டை எடுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னத்தம்பியின் முகத்தில், ஈரமண்ணும் புழுவுமாக, தட்டோடு சேர்த்து அறைந்தார். கழகத்தில் இதற்குத்தான் கருத்துப் பரிமாற்றம் என்று பெயர். சின்னத்தம்பியின் ஆள் ஒருவர் சல்லடையை வீசினார், அது உயிர்ப் பிரிவு உதவியாளர் ஒருவரின் நெற்றியைக் கிழித்தது. உயிர்ப் பிரிவின் இன்னொருவர் அமில அளவைக் குச்சியால் சல்லடை வீசியவரின் தொடையில் குத்தினார். குத்தியவரே அதிலிருந்த எண்ணைப் பார்த்து, "உனக்கு அமிலம் அதிகம்டா," என்றார். நாற்காலி பறந்தது, கண்ணாடிக் குடுவை உடைந்தது, யாரோ யாருடைய காதையோ கடித்தார்கள். இயக்குநர் கோட்டின் மேல் நின்று தேநீர்க் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் குடித்தார். நானும் பாயும் மேசைக்கு அடியில் கிடந்தோம். பூவம்மா பிஸ்கட் தட்டை எங்களுக்கு நீட்டினார்.

மறுபடியும் மணி அடித்தது. அத்தனை பேரும் நிறுத்தினார்கள். ரத்தத்தைத் துடைத்தார்கள், டையைச் சரிசெய்தார்கள், அவரவர் மேசைக்குப் போனார்கள். மாமியார் மருமகள் சண்டைகூட இவ்வளவு ஒழுங்காக முடிந்து நான் பார்த்ததில்லை.

"சரி மேடம், எங்க கரியை எப்ப பாப்பீங்க?" என்று வைதேகியிடம் கேட்டேன்.

சோதனையை அவர் விளக்கினார். ஒரு பெட்டி. பாதியில் வெறும் மண், மறுபாதியில் கரி கலந்த மண். நடுக்கோட்டில் பத்துப் புழுவை விடுவார்கள். நேரம் முடிந்ததும் நடுவில் ஒரு தகட்டை இறக்கி இரண்டு பக்கமும் எண்ணுவார்கள். பாதிக்குப் பாதியாவது கரிப் பக்கம் இருந்தால் பாஸ். கரியைப் பிடிக்காமல் வெறும் மண்ணுக்கு ஓடியது அதிகமாக இருந்தால் ஃபெயில்.

"தகடு எறங்கறப்ப நடுவுல ஒரு புழு மாட்டி அறுபட்டா?" என்று பாய் கேட்டார். அவருக்கு அப்போது அறுபடுவது பற்றிய அக்கறை அதிகமாகியிருந்தது.

"அதுக்கு அரைப்புழு விதி இருக்குங்க. அதோட உடம்பு ரெண்டு பக்கமும் இருந்தா இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. எந்தத் துண்டு பெருசு, எது சிறுசுன்னு பாக்கக்கூடாது. ஆனா இப்ப என்கிட்ட புழுவே இல்லையே."

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கா?" என்று ஒரு குரல். இயக்குநர் வந்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. "அம்மையீர், ஒரே நாளில் முடிவு என்பது எங்கள் உறுதிமொழி. கழகம் தவறான முடிவைச் சொல்லலாம், தாமதமான முடிவைச் சொல்லலாகாது. விதியில் 'சோதனை உயிரினம் பத்து' என்றுதான் இருக்கிறது. மண்புழு என்று எங்கே இருக்கிறது?"

எல்லாரும் யோசித்தார்கள். எங்கும் இல்லையாம். இயக்குநர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். அவர் ஒருவர். சின்னத்தம்பியும் இரண்டு ஆட்களும். வைதேகியும் இரண்டு ஆட்களும். பூவம்மா. விரல் பாய் மேல் நின்றது, பிறகு என் மேல் நின்றது. பத்து.

"நம்மையே அர்ப்பணிப்போம்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

கீழே லாரி நிற்கும் இடத்தில் கான்கிரீட் கலக்கும் பெரிய தொட்டி ஒன்று கிடந்தது. அதில் பாதிக்கு வெறும் களிமண், பாதிக்கு எங்கள் கரி முழுவதையும் கலந்த களிமண் கொட்டினார்கள். மேலே ஒரு சங்கிலியில் இரும்புத் தகடு தொங்கியது, மணி அடித்தால் தானாக இறங்குமாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்துப் பேரும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றோம். கோயில் குளத்தில் இறங்குகிறமாதிரி பூவம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார், ஹெல்மெட்டை மட்டும் கழற்றவில்லை.

சோதனை தொடங்கியது. புழுவாக இருந்தால் மோந்து பார்த்து, மெதுவாக நகர்ந்திருக்கும். இவர்கள் அதிகாரிகள் ஆயிற்றே. சின்னத்தம்பியைப் பொறுத்தவரை ஒரு கரி பாஸ் ஆனால் அவர் நாற்காலியின் மானம் போய்விடும். அதனால் எல்லாரையும் வெறும் மண்ணுக்கு இழுக்கவேண்டும். வைதேகிக்கு எங்கள் கரி நல்லதா கெட்டதா என்ற கவலையே இல்லை, சின்னத்தம்பி தோற்கவேண்டும். அதனால் எல்லாரையும் கரிக்குள் இழுக்கவேண்டும். நடுவில் நானும் பாயும், எங்கள் மஞ்சளும்.

முதல் குத்து யாருடையது என்று தெரியாது. யாரோ "மன்னிக்கவும்" என்றார்கள், பாய் மண்ணில் முகம் புதைய விழுந்தார். அவர் காலைச் சின்னத்தம்பியின் ஆள் ஒரு பக்கமும், தலைமுடியை வைதேகியின் ஆள் மறுபக்கமும் பிடித்து இழுத்தார்கள். "அக்கா! என்னை ரெண்டாக்குறாங்க!" என்று கத்தினார். நான் கரிமண்ணில் ஒரு கைப்பிடி அள்ளிக் காலைப் பிடித்தவன் கண்ணில் அப்பினேன். அவன் விட்டான். பாய் கரிப் பக்கம் வந்து சேர்ந்தார், கொஞ்சம் முடி மட்டும் குறைவாக.

வைதேகி சின்னத்தம்பியின் முதுகில் ஏறி, கழுத்தைக் கடித்துத் தொங்கினார். ஒவ்வொரு புழுவின் பெயரையும் சொல்லிச் சொல்லிக் குத்தினார். "இது கண்மணிக்கு! இது வெள்ளையனுக்கு!" சின்னத்தம்பி அவரைச் சுழற்றி எறிய, அவர் கரிமண்ணில் போய் விழுந்தார். ஓர் உதவியாளரின் முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கிச் சத்தம் கேட்டது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். அவர் அப்போதும் மற்றவருக்கு "பரவாயில்லை" என்றார். மண்ணெல்லாம் ரத்தம். இயக்குநர் "நடுநிலை! நடுநிலை!" என்று கூவிக்கொண்டே கோட்டின் மேல் கையை விரித்து நின்றார். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அவர் வயிற்றில் ஆளுக்கொரு உதை விட்டார்கள். அன்று அந்த இரண்டு பிரிவும் ஒன்றாகச் செய்த ஒரே வேலை அதுதான். அவர் கோட்டின் குறுக்கே விழுந்தார்.

அப்போதுதான் என் பல் போனது. சின்னத்தம்பியின் முழங்கை. அந்த மனுஷன் அவசரத்தில் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வாயில் உப்பு, நாக்கில் ஏதோ கல். துப்பினேன். கறுத்த மண்ணில் என் முன்பல் வெள்ளையாக விழுந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அடிப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடி உதவுகிறமாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்தேன். எந்தப் பிரிவு என்று பார்க்கவில்லை. போன வருஷத்துப் பென்சில் மஞ்சளுக்கு ஒன்று, பாயின் விரலுக்கு ஒன்று, வரிசையில் நின்ற வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. பூவம்மாவின் ஹெல்மெட்டில்கூட ஒரு குத்து விட்டேன், என் கைதான் வலித்தது. "ஏம்மா, நான் என்னம்மா செஞ்சேன்?" என்று அவர் வெறும் மண் பக்கம் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மணி அடிக்கப்போகிற நேரம் சின்னத்தம்பி என் கூந்தலைப் பிடித்தார். கரிப் பக்கத்திலிருந்து வெறும் மண் பக்கம் தரதரவென்று இழுத்து எறிந்தார். மணி அடித்தது. தகடு இறங்க ஆரம்பித்தது.

இயக்குநர் இன்னும் கோட்டின் குறுக்கே கிடந்தார். உடம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். "சார், நகருங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். அவர் தலையைத் தூக்கினார்.

"நகர்ந்தால் முடிவை மாற்றியவன் ஆவேன். மணி அடித்த பிறகு எந்த உயிரினமும் அசையலாகாது. என் கால் ஒன்றா பெரிது? விதி..."

தகடு இறங்கியது. வாக்கியம் முடியவில்லை. கால் முறிந்த சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அவர் ஒரு முறை "அம்மா" என்றார். வாடிக்கையாளர் மொழியில்தான் அலறினார் என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

எண்ணினார்கள். கரிப் பக்கம் வைதேகி, அவருடைய இரண்டு ஆட்கள், பாய், ஆக நாலு. வெறும் மண் பக்கம் சின்னத்தம்பி, அவருடைய இரண்டு ஆட்கள், பூவம்மா, நான், ஆக ஐந்து. இயக்குநர் இங்கே அரை, அங்கே அரை. நாலரைக்கு ஐந்தரை.

"ஃபெயில்!" என்று சின்னத்தம்பி எகிறிக் குதித்தார். உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் தெறித்தது. அவர் ஆட்கள் கைகொடுத்தார்கள், கை இருந்தவர்கள்.

பாய் சரிந்து உட்கார்ந்து அழுதார். சாக்குக்குள் முளைத்துக் கிடந்த மஞ்சள் என் கண் முன்னால் வந்தது. அழுகல் வாசனையே வந்துவிட்டது. தகட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம், கறுத்த மண்ணில், வெள்ளையாக.

"என் பல்லு!" என்று கத்தினேன். "என் பல்லு அந்தப் பக்கம் கெடக்கு! நான் இந்தப் பக்கம் இருக்கேன்! என் உடம்பு ரெண்டு பக்கமும் இருக்கு!"

வைதேகி தவழ்ந்து வந்து பல்லைப் பார்த்தார், என் வாயைத் திறக்கச் சொல்லி ஓட்டையைப் பார்த்தார்.

"துண்டு பெருசா சிறுசான்னு பாக்கக்கூடாது. இவங்களும் அரை," என்றார்.

இங்கே ஒன்று குறைந்து அரை ஆயிற்று, அங்கே அரை கூடியது. ஐந்துக்கு ஐந்து. கரி பாஸ். சின்னத்தம்பி மயங்கி விழுந்தார். பாய் எழுந்து வந்து தகட்டுக்கு மேல் கையை நீட்டி என் தலையில் வைத்தார், நொறுங்கிய அந்தக் கையைத்தான். நாங்கள் இரண்டு பேரும் ரத்தமும் சேறுமாகச் சிரித்தோம். சிரித்தபோது காற்று புதுசாக ஓர் இடம் வழியாகப் போனது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்டிரெச்சரில் ஏற்றியபின் இயக்குநர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். முடிவை அறிவிக்காமல் போகமாட்டாராம்.

"வாழ்த்துகள், அம்மையீர். கழகத்தின் வரலாற்றில் முதல் தேர்ச்சி. எனினும் ஒரு சிறு விளக்கம். தேர்ச்சி பெற்றது தாங்கள் கொண்டுவந்த கரி அன்று. தொட்டியில் சோதிக்கப்பட்ட கலவை. ஆகவே தங்கள் வயலில் இடும் ஒவ்வொரு டிரம் கரியிலும் இதே பொருள்கள் இருத்தல் வேண்டும். கரி, களிமண், மனித ரத்தம், ஒரு பல். ஒன்று குறைந்தாலும் கலப்படம். ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார்."

கதவு மூடியது. அதற்கு முன் ஒரு கை வெளியே நீண்டு டேப்லெட்டைக் காட்டியது. ஐந்து நட்சத்திரமும் அழுத்தினேன்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். நிலத்தில் பதினொரு டிரம் கரி காத்திருந்தது. நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். பாய் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, என்னை எதுக்குப் பாக்குறீங்க?"

"உங்களை இல்ல பாய். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

மறுநாள் பிற்பகல் நான் குவீன்ஸ்டவுனுக்குத் தனியாகப் போனேன். வாசல் திரையில் "ஒப்புக்கொள்கிறேன்" என்பதை இந்த முறை மனமார அழுத்தினேன். பூவம்மா என் கையில் இருந்த காலி வாளியைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார்.

"எத்தனை டிரம்முக்கு வேணும்மா?"

"பதினொண்ணு."

"அப்ப ஒரு வாரத்துக்கு வரணும் லா."

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சின்னத்தம்பி மூக்கில் பிளாஸ்டரோடு, வைதேகி கழுத்தில் பட்டையோடு, ஆட்கள் கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. இயக்குநர் காலில் மாவுக்கட்டோடு, சக்கர நாற்காலியைச் சரியாகக் கோட்டின் மேல் நிறுத்தியிருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டேன். டீ மணி அடித்தது.

"வணக்கம்," என்றேன். "உங்களைத் தொந்தரவு பண்ண வரல. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். நேத்து எங்க கரி பாஸ் ஆனதுக்கு உண்மையில எந்தப் பிரிவு காரணம்?"

வைதேகி கண்ணாடியைக் கழற்றினார். சின்னத்தம்பி எழுந்தார். நான் வாளியைக் கீழே வைத்தேன்.